சீரியல் கோர்ட்டும் செஷன்ஸ் கோர்ட்டும்: கொலை வழக்குத் தொடர்களில் எது இடிக்கிறது?

#1 கூண்டுப்புறா

ஓடிடியில் வரும் தமிழ் க்ரைம் தொடர்கள், டப்பிங் இந்திச் சரக்கு, டிஆர்பி சரியும்போதெல்லாம் சாயங்கால சீரியல்களில் முளைக்கும் ‘கோர்ட் வாரம்’ மூன்றையும் சேர்த்தே இங்கே பேசலாம்.

போலீஸ் பாதியை நம்மவர்கள் தேற்றிவிட்டார்கள். ரைட்டர் மேஜை, மூலையில் சாய்ந்திருக்கும் லத்தி, அந்தந்த ஊர்ப் பேச்சு எல்லாம் பொருந்தி வருகிறது. கதை கோர்ட் படியேறியதும் பழைய சினிமா செட்டுக்குள் போய் விழுகிறது. நீதிபதி சுத்தியலால் தட்டி ‘சைலன்ஸ்’ என்கிறார். இந்திய நீதிமன்றம் எதிலும் நீதிபதி மேஜையில் சுத்தியல் கிடையாது. அது அமெரிக்காவிலிருந்து வந்த பொருள். இங்கிலாந்து கோர்ட்டில்கூட இல்லை. சாட்சி பகவத் கீதை மேல் கை வைக்கிறார். 1969-ம் ஆண்டின் பிரமாணச் சட்டத்தில் இருப்பதெல்லாம் கடவுள் பெயரால் சத்தியம் அல்லது உளமார உறுதி, இரண்டே வாசகம். புத்தகம் எதுவும் நீட்டப்படுவதில்லை.

இதெல்லாம் அலங்காரப் பிழை, மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது கிளைமாக்ஸ். கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ ஓடிவந்து ‘ஒரு நிமிஷம் யுவர் ஆனர்’ என்று பென்டிரைவை நீட்ட, ஐந்து நிமிடத்தில் நிஜக் கொலையாளி கூண்டில் அழுகிறான். நடைமுறை தெரியாததால் இப்படி எழுதுகிறார்களா, நிஜ கோர்ட்டில் நாடகமே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வாய்தா வக்கீல்

நாடகம் உண்டு. அவர்கள் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த வக்கீல் நடை. கைகளை விரித்துக்கொண்டு பார்வையாளர் பக்கம் திரும்பிப் பேசுகிறாரே, அது ஜூரிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுவுக்குப் பேசும் பேச்சு. நம் நாட்டில் ஜூரி இருந்தது. 1952-ல் போட் மெயிலில் வந்த டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் மானாமதுரையில் சிக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்னால்தான் நடந்தது. கடற்படை அதிகாரி நானாவதி மீதான 1959 கொலை வழக்கில் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி என்ற பேச்சே இல்லை. இன்று வக்கீல் மசிய வைக்க வேண்டியது ஒரே ஒருவரை. அவரோ தலையைக் குனிந்து சாட்சியம் சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் கத்தி என்ன பயன்?

இரண்டாவது, இதைவிடப் பெரிய பிழை. எதிரியைக் கூண்டில் ஏற்றி அரசு வக்கீல் வறுத்தெடுப்பது. (எதிரி என்பது கோர்ட் தமிழ், குற்றம் சாட்டப்பட்டவர்.) அப்படி ஒரு கட்டமே நம் விசாரணையில் கிடையாது. அரசு தரப்பு சாட்சியம் முடிந்ததும் நீதிபதியே எதிரியைக் கேள்வி கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 351. சத்தியம் வாங்குவதில்லை. ‘உமக்கு எதிராக இன்ன சாட்சி இன்னது சொல்கிறார், என்ன சொல்கிறீர்?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்க, பெரும்பாலான பதில்கள் ‘பொய்’, ‘தெரியாது’ என்ற ஒற்றை வார்த்தையில் முடிந்துவிடும். எதிரியே எழுதிக் கேட்டால்தான் அவர் சாட்சியாகக் கூண்டேறலாம், அப்போதுதான் குறுக்கு விசாரணையும். அந்த ஆபத்தை எந்த வக்கீலும் லேசில் எடுக்கமாட்டார்.

உடை: கீழ் கோர்ட்டில் கவுன் கட்டாயமில்லை, உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். தாலுகா கோர்ட் சீனில் எல்லோரும் கவுன் பறக்க நடப்பது ஸ்லோமோஷனுக்காக.

#3 மூன்றாம் சீன்

எழுதுகிறவர்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே.

ஒரு எபிசோட் 40 நிமிடம். அதில் கோர்ட்டுக்குக் கிடைப்பது 12, மிஞ்சினால் 15 நிமிடம். செட் ஒரு நாளோ இரண்டு நாளோதான் கையில் இருக்கும். அதற்குள் 25 சாட்சி, 40 ஆவணம், நாலு வருட வாய்தா அத்தனையும் காட்ட முடியுமா? சுருக்கியாக வேண்டும். வில்லனை ஹீரோ நேருக்கு நேர் கேள்வி கேட்காவிட்டால் ரிமோட் கை மாறிவிடும். இரண்டு பேர் தாளைப் புரட்டுவதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்?

‘நாடகம் வேறு இடத்தில் இருக்கிறது’ என்று சொல்வது சுலபம். எந்த இடம்? ஒன்றைக் காட்டுங்கள்.

#4 வாய்தா வக்கீல்

காட்டுகிறேன். ஒரு தெருவிளக்கு போதும்.

இரவு ஒன்பதரைக்கு வெட்டு. அ.சா.2, அதாவது அரசு தரப்பின் இரண்டாம் சாட்சி, நேரில் பார்த்தவர். அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் ‘தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியை அடையாளம் தெரிந்தது’ என்கிறார். எதிரித் தரப்பு வக்கீல் கையில் அதே சாட்சி போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் இருக்கிறது. பழைய 161, இப்போது 180. அதில் தெருவிளக்கு என்ற சொல்லே இல்லை.

சீரியல் வக்கீல் தாளை ஆட்டி ‘பொய் சொல்றே!’ என்று கத்துவார். நிஜத்தில் தாழ்ந்த குரலில் ஒரே கேள்வி. அது தமிழில் இப்படிப் பதிவாகும்: ‘தெருவிளக்கு எரிந்ததாக நான் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை என்றால் சரியல்ல.’ சாட்சி மறுத்துவிட்டார். வக்கீல் அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பார்க்கிறவனுக்கு வக்கீல் தோற்றது போலத்தான் இருக்கும்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து கடைசி சாட்சியாக இன்ஸ்பெக்டர் கூண்டேறுகிறார். ‘அ.சா.2 என்னுடைய விசாரணையில் தெருவிளக்கு பற்றிச் சொல்லவில்லை என்றால் சரிதான்.’ இப்போதுதான் பூட்டு விழுகிறது. போலீஸ் வாக்குமூலம் தானாகச் சாட்சியம் ஆகாது, சாட்சியின் கையெழுத்துகூட அதில் இருக்காது. முரணை நிரூபிக்க மட்டும்தான் அது பயன்படும், அதையும் எழுதிய அதிகாரி வாயால் வாங்க வேண்டும். அடுத்து வக்கீல் சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தை எடுக்கிறார். ‘இந்த வரைபடத்தில் மின்கம்பம் எதுவும் காட்டப்படவில்லை என்றால் சரிதான்.’ பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் குறிப்பு)? ‘அதிலும் இல்லை என்றால் சரிதான்.’ மூன்று தாள், நாலு வரி, ஒருத்தர் குரலும் உயரவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி கரைந்துவிட்டார்.

இரண்டாம் எபிசோடில் விதைத்து ஏழாம் எபிசோடில் அறுக்கிற சீன் இது. தொடருக்கு இதைவிடத் தோதான அமைப்பு என்ன வேண்டும்? சுருக்குவதில் எனக்குச் சண்டையே இல்லை. நாலு வருடத்தை நாலு நிமிடமாக்குங்கள். யார் யாரைக் கேட்கலாம் என்பதைத் தலைகீழாக்கினால்தான் பிரச்சினை.

#5 பாரா டைரி

வக்கீல் சார் கோர்ட்டில் அறுக்கிறதை எல்லாம் ஸ்டேஷனில் விதைப்பது யார் என்று சொல்ல வேண்டாமா? கூண்டுப்புறா ‘போலீஸ் பாதி தேறிவிட்டது’ என்கிறார். செட் தேறியிருக்கிறது, வேலை தேறவில்லை. கொலை நடந்த முதல் ஆறு மணி நேரத்தின் தாள்களை எந்தத் தொடரும் ஒழுங்காகக் காட்டவில்லை.

வெட்டுப்பட்டவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். டூட்டி டாக்டர் முதலில் எழுதுவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், சுருக்கமாக ஏ.ஆர். யார் கூட்டிவந்தது, எத்தனை மணி, எங்கே, எதனால், எத்தனை பேர். அதில் ‘தெரிந்த 2 நபர்கள் அரிவாளால்’ என்று இருக்கிறதா, ‘தெரியாத 4 நபர்கள்’ என்று இருக்கிறதா? வழக்கின் பாதித் தலையெழுத்து அந்த ஒரு வரி. டாக்டருக்கு யாரோடும் பகையில்லை, சொன்னதை எழுதினார். பிறகு ஸ்டேஷனில் பதிவாகும் புகாரில் பெயரோடு 5 பேர் வந்தால் மீதி மூவர் எங்கிருந்து முளைத்தார்கள் என்பதுதான் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி.

அடுத்தது எக்ஸ்பிரஸ் எப்.ஐ.ஆர். கொலை வழக்கில் எப்.ஐ.ஆர். அசலையும் புகாரையும் ஒரு கான்ஸ்டபிள் கையில் கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் உடனே சேர்க்க வேண்டும், ராத்திரி என்றால் அவர் வீட்டுக்கே. வாங்கியதும் அவர் தேதி, நேரம் போட்டு இனிஷியல் வைப்பார். எப்.ஐ.ஆர். இரவு 11 மணிக்குப் பதிவானதாகக் காட்டி, மாஜிஸ்திரேட் கையெழுத்தில் மறுநாள் மதியம் 2 மணி என்று இருந்தால் நடுவில் உள்ள பதினைந்து மணி நேரம் என்ன செய்தீர்கள்? யார் யாரைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தீர்களா? தாமதம் மட்டுமே வழக்கைக் கொன்றுவிடாது, விளக்கம் இருந்தால் கோர்ட் ஏற்கும். விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் அந்த கான்ஸ்டபிள். பஸ் கிடைக்கவில்லை, மாஜிஸ்திரேட் ஊரில் இல்லை, பொறுப்பு மாஜிஸ்திரேட் பக்கத்து ஊரில் என்று அவர் கூண்டில் விளக்குவதை ஒரு முழு எபிசோடாகவே எழுதலாம்.

சம்பவ இடத்தில் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிறகு கைப்பற்றும் மகஜர். அதில் தவறாமல் இரண்டு டப்பா வரும்: ரத்தம் தோய்ந்த மண், ரத்தம் தோயாத மண். இரண்டாவது எதற்கு? ஒப்பிட்டுப் பார்க்க. சிமென்ட் தரையாக இருந்தால் ரத்தக்கறை படிந்த துண்டையும் படியாத துண்டையும் பெயர்த்து எடுக்க வேண்டும். தொடர்களில் கையுறை போட்டு ஜிப் கவரில் ஒரு சிகரெட் துண்டு எடுப்பதோடு சரி. மகஜர் சாட்சிகளாக இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள், பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) தலையாரியும். வி.ஏ.ஓ. இல்லாத தமிழ்நாட்டுக் கொலை வழக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், வி.ஏ.ஓ. இருக்கிற தமிழ் க்ரைம் தொடரையும் அப்படியே.

எதிரி வி.ஏ.ஓ.விடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் வரும் பாருங்கள், அது நம் ஊர்ச் சிறப்பு. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை, அதனால் அந்தத் தடை அவருக்கு இல்லை. ‘முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.வை நம்பி எதற்கு மனம் திறந்தான்?’ என்று கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

இன்னொன்று. வெட்டுப்பட்டவர் மூன்றாம் நாள் இறந்தால் வேறு எப்.ஐ.ஆர். போடமாட்டார்கள். அதே குற்ற எண்ணில் பிரிவு மாற்ற அறிக்கை கோர்ட்டுக்குப் போகும், கொலை முயற்சி கொலையாகும். ‘கேஸ் 302 ஆயிடுச்சு’ என்று ஏட்டு போனில் சொல்லும் ஒற்றை வரி, டைட்டில் போடுவதற்கு முந்தைய வரியாக இருக்க வேண்டும்.

#6 ஆப்ஜெக்ஷன் ஓவர்ரூல்ட்

அமெரிக்க ‘லா அண்ட் ஆர்டர்’ 1990-ல் தொடங்கி 2010 வரை 20 சீசன் ஓடியது, 2022-ல் திரும்பியும் வந்தது. அது இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. முதல் பாதி துப்பறிவாளர்கள், இரண்டாம் பாதி அரசு வக்கீல்கள். போலீஸ் வெற்றிகரமாகப் பிடித்த ஆதாரத்தை நடுவில் ஒரு நீதிபதி தூக்கி வீசிவிடுவார். வாரண்ட் தவறு, உரிமை சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம், ஏதோ ஒன்று. முதல் பாதி கட்டியதை இரண்டாம் பாதியின் முதல் காட்சி உடைக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கும் பேரமும் வாராவாரம் உண்டு, அங்கே பெரும்பாலான வழக்குகள் முடிவதே அப்படித்தான் என்பதால் அது பொய்யில்லை.

நம்மவர்கள் அங்கிருந்து எடுத்தது ‘ஆப்ஜெக்ஷன்’ என்ற சொல்லையும் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே பேசும் ஷாட்டையும் மட்டும். ஆதாரம் செல்லுமா செல்லாதா என்ற அந்த முதுகெலும்பை விட்டுவிட்டார்கள். பேரத்தை அப்படியே கொண்டுவந்தாலும் ஆபத்து. இங்கே 2005 திருத்தத்தில்தான் அது சட்டத்துக்குள் வந்தது, ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். கொலைக்குக் கிடையாது. அந்த ‘செல்லுமா செல்லாதா’ இடத்தில் நம் சட்டத்தில் எதை வைப்பது?

#7 வாய்தா வக்கீல்

பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 27. புதிய சாட்சியச் சட்டத்தில் 23-வது பிரிவின் விதிவிலக்கு. எண் மாறிவிட்டது, வாயில் 27-தான் வரும்.

போலீஸ் காவலில் எதிரி சொல்லும் ஒப்புதல் செல்லாது. அவன் சொன்னதால் ஒரு பொருளோ தகவலோ வெளிப்பட்டால், அந்த வெளிப்பாட்டோடு நேராக ஒட்டியுள்ள பகுதி மட்டும் செல்லும். மதராஸ் மாகாணத்திலிருந்து, அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போன புளுகுரி கோட்டயா வழக்குத் தீர்ப்புதான் இன்றும் அளவுகோல். ‘என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்’ செல்லும். ‘அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்’ செல்லாது. ஒரே வாக்கியம், பாதி உயிரோடு, பாதி பிணம்.

தொடரில் எப்படி? இன்ஸ்பெக்டர் இரண்டு அறை விடுகிறார், எதிரி முழுக்கதையும் பிளாஷ்பேக்கில் சொல்கிறான், வழக்கு முடிந்தது. நிஜத்தில் அந்த பிளாஷ்பேக் முழுவதும் குப்பைக்கூடைக்கு. மிஞ்சுவது கிணற்றடிப் புதரிலிருந்து எடுத்த அரிவாள் மட்டும். அதையும் எதிரித் தரப்பு மூன்று வழியில் தாக்கும். ஊரே நடமாடும் பொது இடமா? மகஜர் சாட்சி பிறழ் சாட்சி (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவர்) ஆனாரா? அந்த இடத்தைப் போலீஸ் முந்தின நாளே தேடியிருந்ததா? மூன்றாவது உண்மையென்றால் ‘வெளிப்பாடு’ என்பதே போச்சு. இப்போது தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளியோடு பதிய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது. அதனால் நாலாவது கேள்வியும் சேர்ந்தாயிற்று: வீடியோ எப்போது ஆரம்பிக்கிறது, எங்கே வெட்டுகிறது?

ஒப்புதல் வாக்குமூலம் செல்ல வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்க வேண்டும். அவர் போலீஸை வெளியே அனுப்பி, ‘நீ சொல்லியே ஆகவேண்டும் என்று இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்’ என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுப்பார். அந்த ஒரு ராத்திரி போதாதா ஒரு எபிசோடுக்கு?

நார்கோ சீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி போட்டதும் உண்மை கொட்டி கோர்ட்டில் ஜெயிப்பது 2010-லேயே முடிந்த கதை. சம்மதமில்லாமல் நார்கோ, பொய்யறியும் சோதனை, மூளை வரைபடச் சோதனை எதுவும் கூடாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

#8 கண்ணாடிக் குடுவை

லேப் பக்கம் யாரும் வரவில்லை என்பதால் நான். 2000-ல் வந்த ‘சி.எஸ்.ஐ.’ உலகத்துக்கே கெட்ட பழக்கம் கற்றுக்கொடுத்தது. இருட்டு அறை, நீல வெளிச்சம், பத்து நிமிடத்தில் டி.என்.ஏ. இத்தனைக்கும் இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதனைக் கூடமே 1849-ல் சென்னையில் வந்தது. கதைக்கு வெளியூர் போகத் தேவையில்லை.

இறந்த நேரம்: ‘இரவு 10.15-லிருந்து 10.30-க்குள்’ என்று சொல்லும் டாக்டர் தொடரில் மட்டும் உண்டு. உடல் விறைப்பு நம் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இமை, தாடையில் தெரிய ஆரம்பித்து, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, பிறகு தளரும். கோடையில் இன்னும் சீக்கிரம். ஓடிச் சண்டை போட்டு இறந்தவனுக்கு முன்னதாகவே வரும், ஏசி அறையில் தாமதமாகும். அதனால் அறிக்கையில் ‘பிரேதப் பரிசோதனைக்கு 12 முதல் 18 மணி நேரம் முன்பு’ என்கிற மாதிரி அகலமான கணக்குதான் இருக்கும். அந்த ஆறு மணி நேர இடைவெளிக்குள் இரண்டு தரப்பும் தன் கதையை நுழைக்கப் பார்க்கும். அதை எழுதுங்களேன்.

விஷம்: ‘வயிற்றில் விஷம்’ என்று டாக்டர் அங்கேயே சொல்லமாட்டார். இரைப்பையும் அதில் இருப்பதும், சிறுகுடல் பகுதி, கல்லீரல், சிறுநீரகம் என்று எடுத்து, நிறைவுற்ற உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து அனுப்புவார். கூடவே வெறும் உப்புக் கரைசல் ஒரு குடுவை, ஒப்பீட்டுக்கு. பாரா டைரி சொன்ன ரத்தம் தோயாத மண் மாதிரிதான். தவறு நடக்கும் இடங்கள் மூன்று. பழக்கதோஷத்தில் பார்மலினில் போட்டுவிடுவது, பிறகு பல விஷங்களைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். குடுவையை விளிம்பு வரை நிரப்பி, அழுகும் வாயுவில் மூடி தெறிப்பது. அனுப்பியபோது வைத்த சீல் மாதிரியும் வந்து சேர்ந்த சீலும் ஒத்துப்போகாதது. மூன்றாவதுதான் கோர்ட்டில் அதிகம் வலிக்கும்.

லூமினால் (ரத்தக்கறையைத் தேடத் தெளிக்கும் வேதிப்பொருள்): முழு இருட்டு வேண்டும், நீல ஒளி அரை நிமிடம்போல் நிற்கும், அதற்குள் போட்டோ எடுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையிலும் ஒளிரும். ‘ரத்தம்’ என்று அது சொல்லாது, ‘பார்க்க வேண்டிய இடம்’ என்று மட்டும் காட்டும்.

செல்போன் டவர்: டவர் விவரம் ஆள் நின்ற வீட்டைச் சொல்லாது. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர் வட்டம். கூண்டுப்புறா சொன்ன பென்டிரைவ் இருக்கிறதே, அதற்குச் சான்றிதழ் எங்கே? முன்பு சாட்சியச் சட்டத்தில் 65-பி, இப்போது புதிய சட்டத்தில் 63. புதிய படிவத்தில் கருவியைக் கையாண்டவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி நிரப்பி, ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே எத்தனை கொலை பதிவாகியிருந்தாலும் பிளாஸ்டிக் துண்டுதான். டி.வி.ஆர்., அதாவது கேமரா பதிவுப் பெட்டி, பழைய காட்சிகளைத் தானே அழித்து மேலே எழுதும். தெருமுனைக் கடை கேமராவைத் தேடி இன்ஸ்பெக்டர் இருபதாம் நாள் போனால் கடைக்காரர் கையை விரிப்பார்.

பாரா டைரியிடம் ஒரு சின்ன மாறுபாடு. சிகரெட் துண்டைக் கிண்டல் செய்யாதீர்கள், எச்சில் டி.என்.ஏ.வுக்கு அருமையான பொருள் அது. பிளாஸ்டிக் ஜிப் கவரில் போடுவதுதான் தப்பு. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும்.

#9 மூன்றாம் சீன்

சரி, தெருவிளக்கு சீனுக்கு நான் தோற்றேன். காகித உறையையும் குறித்துக்கொண்டேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, கதையில் டென்ஷனுக்குக் கடிகாரம் வேண்டும். வெடிகுண்டு இல்லாமல் சட்டத்துக்குள்ளேயே ஓடும் கடிகாரம் ஏதாவது உண்டா? இரண்டு, இப்போது எழுதும் கதையில் 302 என்று சொல்லலாமா கூடாதா?

#10 வாய்தா வக்கீல்

இரண்டாவது முதலில். சம்பவம் 1 ஜூலை 2024-க்கு முன்பு என்றால் இ.பி.கோ. 302. அன்றிலிருந்து என்றால் இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 103. விசாரணை 2026-ல் நடந்தாலும் சம்பவ தேதிதான் கணக்கு. கதையில் ஒரு காலண்டரைக் காட்டிவிட்டு வசனத்தில் வேறு எண் சொன்னால் எங்கள் கூட்டம் கமெண்டில் வந்து நிற்கும். வயதான ஏட்டு வாய் தவறி 302 என்பது வேறு, அது அழகு.

கடிகாரம் உண்டு, 90 நாள். கொலை வழக்கில் ரிமாண்ட் செய்து, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்டு, 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் எதிரிக்கு ஜாமீன் உரிமை தானாகப் பிறக்கும். வழக்கின் பலம், குற்றத்தின் கொடூரம் எதையும் நீதிபதி பார்க்க முடியாது. கைதான நாளிலிருந்து எண்ணக் கூடாது, ரிமாண்ட் நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தெளிவாக்கியது.

இதில் ஒரு பொறி. உரிமை பிறந்தால் போதாது, மனு போட்டு அதைக் கையில் பிடிக்க வேண்டும். 91-ம் நாள் காலை 10.30-க்கு வக்கீல் மனு போட்டுவிட்டால் 11 மணிக்கு வரும் குற்றப்பத்திரிகை அந்த உரிமையைப் பறிக்காது. வக்கீல் டிராபிக்கில் மாட்டி, இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டால் உரிமை போயிற்று. ஒருவர் மனுவோடு, ஒருவர் கட்டோடு, ஒரே கோர்ட் பைலிங் கவுண்டரை நோக்கி. அந்தப் பக்கம் லேப் அறிக்கை இன்னும் வரவில்லை, அது இல்லாமலே தாக்கல் செய்யலாமா என்று ஸ்டேஷனில் தவிப்பு. (செய்யலாம். பிறகு கூடுதல் அறிக்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.) துப்பாக்கி இல்லாத சேஸ் சீன்.

கடைசி நிமிட சாட்சி வேண்டுமென்றால் அதற்கும் வாசல் உண்டு: பழைய 311, இப்போது 348. மனு போட வேண்டும், எதிர்த்தரப்பு பதில் சொல்லும், நீதிபதி உத்தரவு போடுவார், சம்மன் போகும். கதவைத் தள்ளிக்கொண்டு வர முடியாது.

#11 பாரா டைரி

அடையாள அணிவகுப்பை விட்டுவிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் சாட்சி, முன்னால் ஐந்து பேர், பக்கத்தில் இன்ஸ்பெக்டர் என்பது வெளிநாட்டு முறை. இங்கே நடத்துவது மாஜிஸ்திரேட், இடம் பெரும்பாலும் சிறை, போலீஸ் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒத்த வயது, ஒத்த உருவம் உள்ளவர்களோடு எதிரி நிற்பார், விரும்பின இடத்தில் நிற்கலாம், சட்டையை மாற்றிக்கொள்ளலாம். எதிரியின் போட்டோ முந்தின நாள் பேப்பரிலோ வாட்ஸ்அப்பிலோ வந்துவிட்டால் அணிவகுப்பே வீண். பிடித்ததும் பிரஸ்மீட்டில் முகத்தைக் காட்டும் அதிகாரியை ஹீரோவாகக் காட்டுகிறார்கள். வழக்கைக் கெடுப்பவரே அவர்தான்.

#12 கூண்டுப்புறா

குழந்தை சாட்சி வரும் எபிசோடுகள்தான் என்னால் தாங்கவே முடியாதவை. வக்கீல் கிட்டே போய்க் குனிந்து கத்த, குழந்தை அழ, பின்னணியில் வயலின். போக்சோ கோர்ட்டில் இப்படி நடக்க விடுவார்களா?

#13 வாய்தா வக்கீல்

விடக் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி இரண்டு தரப்பு வக்கீலும் குழந்தையை நேரடியாகக் கேட்கவே முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் தன் வார்த்தையில் குழந்தையிடம் கேட்பார். எதிரி குழந்தையின் கண்ணில் படக் கூடாது, திரையோ வீடியோவோ இருக்கும். மூடிய நீதிமன்றம், குழந்தை நம்பும் ஒருவர் பக்கத்தில், அடிக்கடி இடைவேளை. முதல் வாக்குமூலத்தைக்கூட சீருடை இல்லாமல்தான் எழுத வேண்டும். அந்த வயலின் சீனில் கத்துகிற வக்கீலை முதல் வார்த்தையிலேயே நீதிபதி உட்கார வைத்திருப்பார்.

#14 மூன்றாம் சீன்

கடைசியாக ஒன்று, தெருவிளக்கு சீனை எழுத உட்கார்ந்துவிட்டேன். கூண்டில் நிற்கும் இன்ஸ்பெக்டருக்கு ஒரு வருடத்துக்கு முந்தையது எல்லாம் எப்படி நினைவிருக்கும்? கேஸ் டைரியை (விசாரணை அதிகாரி நாள்தோறும் எழுதும் குறிப்பு) பார்த்துச் சொல்லலாமா?

#15 வாய்தா வக்கீல்

நினைவைப் புதுப்பிக்கப் பார்க்கலாம். பொதுவாக கேஸ் டைரியை எதிரித் தரப்பு கேட்டு வாங்க முடியாது. இன்ஸ்பெக்டர் அதைப் புரட்டிப் பார்த்துச் சொன்னால், பார்த்த அந்தப் பகுதியை எதிரித் தரப்பு வக்கீலும் பார்க்கலாம், அதை வைத்துக் குறுக்கு விசாரணையும் செய்யலாம். அனுபவசாலி இன்ஸ்பெக்டர் டைரியைக் கையிலேயே வைத்திருப்பார், திறக்கமாட்டார். ‘ஞாபகம் இல்லை’ என்பார். உங்கள் வக்கீல் அவரைத் திறக்க வைக்கட்டும்.